வயலும் கடலும் நீதிமன்றமும்

(சீனன்குடாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்றைக்கு எனக்குத் தரப்பட்ட பொருள், ஆராய்ச்சியும் மக்கள் வாழ்வும். விஞ்ஞானம், விவசாயம், சட்டம் ஆகிய மூன்று துறைகளிலும் நடக்கும் ஆராய்ச்சி நமக்கு என்ன செய்தது, இனி என்ன செய்ய வேண்டும் என்பதைப் பேச வந்திருக்கிறேன். நான் சொல்லப்போவது ஒன்றே ஒன்றுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டம் எழுதுகிறவர் ஆராய்ச்சியைக் கேட்க வேண்டும். ஆராய்ச்சி செய்கிறவர் வயலையும் கடலையும் கேட்க வேண்டும். வயலிலும் கடலிலும் நிற்கிற நாம், அந்த இருவரையும் கேள்வி கேட்க வேண்டும். இந்த மூன்றும் நடந்த இடத்தில் மக்கள் பிழைத்தார்கள். நடக்காத இடத்தில் மக்கள் பட்டினி கிடந்தார்கள்.

இந்த மண்டபத்தை விட்டு வெளியே வந்து நின்றால் என்னென்ன தெரிகின்றன? ஒரு பக்கம் விமானத் தளம். இன்னொரு பக்கம் கோதுமை மா ஆலை, சீமெந்து ஆலை. ஊரின் ஊடே போகும் புகையிரதப் பாதை. காட்டுக்குள் வரிசை வரிசையாக எண்ணெய்த் தாங்கிகள். இரண்டாம் உலகப் போருக்கு முன்னே ஆங்கிலேயர் தம் கடற்படைக்காகக் கட்டிய தாங்கிகள் அவை, இன்று எண்ணிக்கையில் 99. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்த வானத்தில் வந்தபோது, ஒரு விமானம் ஒரு தாங்கியின்மேல் விழுந்து, அந்தத் தாங்கி நாட்கணக்கில் எரிந்த கதையை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அந்தத் தாங்கி ஒன்றைப் பற்றி ஓர் ஆராய்ச்சி செய்ய வேண்டுமென்றால் யாரை அழைப்பீர்கள்? இரும்பைப் பற்றிப் பேசப் பொறியியலாளர் வேண்டும். தாங்கியைச் சுற்றிய மண்ணில் என்ன ஊறியிருக்கிறது என்று சொல்ல இரசாயனவியலாளர் வேண்டும். 1987இல் இந்திய, இலங்கைத் தலைவர்கள் மாற்றிக்கொண்ட கடிதங்களிலேயே இந்தத் தாங்கிகள் பேசப்பட்டன. 2022 ஜனவரியில் புதிய உடன்படிக்கைகள் எழுதப்பட்டன. அவற்றை விளக்கச் சட்ட அறிஞர் வேண்டும். பக்கத்துக் காணியில் கத்தரி நட்டவரையும் அழைக்க வேண்டாமா? ஒரே தாங்கி. அதற்கே இத்தனை துறைகள் தேவைப்படுகின்றன.

நாமோ துறைகளைப் பிரித்து வைத்துவிட்டோம். விஞ்ஞானம் பல்கலைக்கழகத்துக்கு உரியது என்கிறோம். விவசாயம் படிக்காதவருக்கு உரியது என்கிறோம். சட்டம் கறுப்புக் கோட்டுக்கு உரியது என்கிறோம். நம் வாழ்க்கை அப்படிப் பிரிந்தா கிடக்கிறது? ஒரு வயலில் மழையும் இருக்கிறது, விதையும் இருக்கிறது, காணி அனுமதிப்பத்திரமும் இருக்கிறது. மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த வீட்டில் உலை கொதிக்காது.

முதலில் கடலுக்குப் போவோம். கோணேசர் மலையில் நின்று கிழக்கே பாருங்கள். அந்தக் கடலுக்கு அடியில் என்ன கிடக்கிறது தெரியுமா? இமயமலை கிடக்கிறது! ஆம், அன்பர்களே. கங்கையும் பிரமபுத்திராவும் இமயத்தை அரித்துக் கொண்டுவந்த மண் வங்காள விரிகுடாவில் கொட்டி, கடலடியில் தெற்கு நோக்கிப் பரவி, ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் நீளத்துக்குப் படிந்திருக்கிறது. உலகத்துக் கடலடி வண்டல் விசிறிகளில் மிகப் பெரியது அதுதான். ஜோசப் கரே, டேவிட் மூர் என்ற இரு புவிச்சரிதவியலாளர்கள் 1971இல் வெளியிட்ட ஆய்வு, இமயம் தேய்ந்த கதையையும் இந்த விசிறி வளர்ந்த கதையையும் ஒன்றாகச் சொன்னது.

இது கல்லையும் மண்ணையும் பற்றிய விஞ்ஞானம் மட்டும்தானே, இதற்கும் சட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். அதே காலத்தில்தான் உலக நாடுகள் கூடிக் கடலுக்கு ஒரு சட்டம் எழுத உட்கார்ந்தன. 1973இல் தொடங்கிய அந்த ஐக்கிய நாடுகள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம் நாட்டவர், ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க. ஒரு நாட்டுக்குச் சொந்தமான கடலடி எதுவரை போகும் என்பது அங்கே எழுந்த பெரிய கேள்வி. அதற்குப் பொது விதி ஒன்று வந்தது. கடலடிச் சரிவின் அடிவாரத்திலிருந்து எவ்வளவு தூரம் போகிறோமோ, அதில் நூற்றில் ஒரு பங்கு தடிப்புக்காவது அங்கே வண்டல் படிந்திருக்க வேண்டும். 100 கிலோமீற்றர் தூரத்தில் 1 கிலோமீற்றர் தடிப்பு வேண்டும். இந்த விதிக்கு மேலே தூர எல்லைகளும் இருந்தன.

மற்ற நாடுகளுக்கு இது பொருந்தலாம். நமக்குப் பொருந்துமா? நம் கரை ஒடுக்கமானது. கொஞ்சத் தூரத்திலேயே ஆழம் வந்துவிடுகிறது. வண்டலோ அதற்கும் அப்பால், ஆழ்கடலில், வெகு தூரத்துக்குத் தடிப்பாகக் கிடக்கிறது. பொது விதியை அப்படியே வைத்தால் அந்த வண்டல் விளிம்பில் பாதிக்கு மேல் நம் கையை விட்டுப் போய்விடும். இதை எடுத்துச் சொல்ல வெறும் வாதத்திறமை போதுமா? போதாது. கடலடியை அளந்த கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு மேசைக்கு வந்தது. 1980இல் மாநாடு தென் வங்காள விரிகுடாவுக்கென்று தனியாக ஓர் இணக்கக் குறிப்பை ஏற்றது. வண்டலின் தடிப்பு 1 கிலோமீற்றருக்குக் குறையாத இடம்வரை எல்லை வகுக்கலாம் என்று அது வழிவிட்டது. 1982இல் கடற்சட்டம் நிறைவேறியபோது அந்தக் குறிப்பும் அதனோடு சேர்ந்து நின்றது. அதன்படி நம் நாடு 2009 மே மாதத்தில் தன் கோரிக்கையை ஐக்கிய நாடுகளின் ஆணைக்குழுவிடம் கொடுத்தது.

உலகத்துக்கே எழுதப்பட்ட ஒரு சட்டம், ஒரு சிறிய நாட்டின் கடலடி மண்ணுக்காகத் தனியாக வளைந்து கொடுத்தது. வளைத்தது யார்? வழக்கறிஞரா, புவிச்சரிதவியலாளரா? இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததால்தான் அது நடந்தது.

சில நேரம் சட்டம் முன்னே போகும், விஞ்ஞானம் பின்னே வரும். 1979இல் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவித்தது. காக்க வேண்டுமென்று சட்டம் சொல்லிவிட்டது. காக்க வேண்டிய உயிர் எங்கே இருக்கிறது, எப்படி வாழ்கிறது? அதைத் தேடித்தான் 'துலிப்' என்ற சிறிய ஆய்வுப் பாய்க்கப்பல் 1980களின் தொடக்கத்தில் நம் கடலுக்கு வந்தது. கொட்டியாரக் குடாவிலிருந்து ஆழ்கடலுக்கு இறங்கிப் போகும் பெரும் பள்ளத்தாக்கின் ஓரத்தில் ஸ்பேர்ம் திமிங்கிலங்களையும் நீலத் திமிங்கிலங்களையும் அதில் வந்த ஆய்வாளர்கள் பார்த்துப் பதிவு செய்தார்கள். வள்ளத்தில் போகிற நம் மக்கள் காலங்காலமாகக் கண்ட காட்சிதான் அது. கண்டவர் நாம், எழுதி வைத்தவர் அவர்கள். மாணவர்களே, இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருகிறேன்.

இப்போது கடலிலிருந்து கரையேறுவோம். அநுராதபுர மாவட்டத்தில் எப்பாவல என்று ஓர் ஊர். 1971இல் அங்கே அப்பற்றைட் என்னும் பொசுபேற்றுக் கல் பெருமளவில் இருப்பதை நம் நாட்டுப் புவிச்சரிதவியலாளர்கள் கண்டுபிடித்தார்கள். பொசுபேற்று என்றால் பசளை. பசளை என்றால் விளைச்சல். தேயிலைக்கும் இறப்பருக்கும் தென்னைக்கும் அந்தக் கல்லை அரைத்துப் போடுகிறோம். அது மெல்ல மெல்லக் கரையும். நீண்ட நாள் நிற்கிற பயிருக்கு ஏற்றது.

1990களில் ஒரு திட்டம் வந்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அந்தக் கல்லைத் தோண்டியெடுக்கும். 30 ஆண்டில் 26 மில்லியன் தொன்னுக்கும் மேல் எடுக்கலாம். அதைப் பதப்படுத்தும் தொழிற்சாலை எங்கே அமையவிருந்தது தெரியுமா? திருகோணமலையில்! நம் துறைமுகம் இருக்கிறதல்லவா? ஆகவே எப்பாவலக் கதை எங்கோ நடந்த கதை அன்று. கல் அவர்கள் ஊரில், தொழிற்சாலைக் கழிவு நம் ஊரில் என்று எழுதப்பட்ட கதை.

அந்த ஊர் மக்கள் என்ன செய்தார்கள்? ஏழு பேர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்களில் வயல் செய்கிறவர்கள் இருந்தார்கள். ஊர் விகாரையின் பிக்கு இருந்தார். எங்கள் வயல் போகும், எங்கள் குளங்கள் போகும், எங்கள் வாழ்வு போகும் என்றார்கள். இது உங்கள் தனிப்பட்ட உரிமையா, நாட்டு மக்கள் எல்லோருக்கும் பொதுவான விடயமா என்ற எதிர்வாதம் வந்தது. பொதுவானது என்பதற்காக ஒரு குடிமகனின் உரிமை இல்லாமல் போய்விடாது என்று நீதிமன்றம் சொன்னது.

2000 ஜூன் 2 அன்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதியரசர் ஏ. ஆர். பி. அமரசிங்க. அந்தத் தீர்ப்பில் தேசிய விஞ்ஞானக் கழகமும் தேசிய விஞ்ஞான மன்றமும் கொடுத்த அறிக்கைகள் பேசுகின்றன. இவ்வளவு வேகமாகத் தோண்டினால் நாளைய தலைமுறைக்கு என்ன மிஞ்சும் என்ற கணக்குப் பேசுகிறது. பண்டைக் காலத்துக் கால்வாய் பேசுகிறது. இறுதியில் நீதிமன்றம் என்ன கட்டளையிட்டது? நாட்டில் பொசுபேற்றுக் கல் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, எத்தகையது என்பதை விஞ்ஞானிகளோடு கலந்து முதலில் முழுமையாக ஆராயுங்கள், ஆராய்ந்ததை வெளியிடுங்கள், அதுவரை எந்த ஒப்பந்தமும் வேண்டாம். அதன் பிறகும் சுற்றாடல் சட்டப்படி அனுமதி பெற்றே எதையும் தொடங்குங்கள்.

நன்றாகக் கவனியுங்கள். ஒரு நாட்டின் உயர் நீதிமன்றம் ஆராய்ச்சி செய்யுங்கள் என்று கட்டளையிட்டது. செய்தால் போதாது, மக்கள் பார்க்க வெளியிடுங்கள் என்றும் சொன்னது. அந்தக் கட்டளை எங்கே பிறந்தது? வரம்பில் நின்ற மனிதர்கள் கேட்ட கேள்வியில் பிறந்தது.

அந்தத் தீர்ப்புக்கு இன்னொரு வேரும் உண்டு. 1997இல் டான்யூப் நதி அணைகள் பற்றி ஹங்கேரிக்கும் சிலோவாக்கியாவுக்கும் இடையே சர்வதேச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. அந்த நீதிமன்றத்தில் அப்போது உப தலைவராக இருந்தவர் நம் நாட்டு நீதியரசர் சி. ஜி. வீரமந்திரி. அவர் தனியாக ஒரு கருத்துரை எழுதினார். ஐரோப்பிய நதி வழக்கில் அவர் எதை எடுத்துக்காட்டினார் தெரியுமா? இலங்கையின் குளங்களை! பெரிய குளம், ஊர்க்குளம், வண்டலை மறித்து வைக்கும் குளம் என்று நம் முன்னோர் கட்டிய ஒழுங்கை எடுத்துக்காட்டினார். இயற்கையைக் கெடுக்காமல் முன்னேறுவது புதிய கொள்கை அன்று, பழைய நாகரிகங்கள் வாழ்ந்து காட்டிய வழி என்றார். மூன்று ஆண்டு கழித்து எப்பாவலத் தீர்ப்பு அவரை மேற்கோள் காட்டியது. குளம் வெட்டிய உழவனின் அறிவு, உலக நீதிமன்றத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து உழவனையே காத்தது.

கந்தளாய்க் குளத்து நீரில் விளைந்த சோற்றை உண்கிற நமக்கு இது பெருமை தர வேண்டாமா? அதே குளம் நமக்குத் துயரமும் கற்றுத் தந்திருக்கிறது. 1986 ஏப்ரல் 20 அன்று விடியுமுன்னே கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. வீடுகள் போயின, வயல்கள் போயின. ஆயிரம் ஆண்டுக்கு மேல் நின்ற கட்டு நமக்குச் சோறு போட்டது. அதை நாள்தோறும் பார்த்து, அளந்து, பேணுவது நம் கடமை. முன்னோரின் அறிவைப் புகழ்ந்துவிட்டு அளவெடுக்க மறந்தால், புகழ் நம்மைக் காப்பாற்றாது.

இனி, ஆராய்ச்சியைக் கேட்காத சட்டம் என்ன செய்யும் என்று பார்ப்போம். உங்களில் எத்தனை பேர் 2021ஐ மறந்திருப்பீர்கள்? யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆண்டு மே மாதத்தில் ஒரு வர்த்தமானி வந்தது. இரசாயனப் பசளை இறக்குமதி நின்றது. ஒரே போகத்தில் நாடு முழுவதும் சேதனப் பசளைக்கு மாற வேண்டும் என்றார்கள். சேதனப் பசளை கெட்டதா? இல்லை. மண்ணுக்கு நல்லது. கேள்வி அதுவன்று. கணக்கு என்ன?

50 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. 100 கிலோ கூட்டெருவில் ஒன்றரைக் கிலோ நைதரசன் இருந்தால், அந்த ஒரு மூட்டைக்கு ஈடு கட்ட எவ்வளவு கூட்டெரு வேண்டும்? ஏறத்தாழ ஒன்றரைத் தொன் வேண்டும். ஒரு மூட்டைக்கு ஒன்றரைத் தொன்! அத்தனை எருவுக்கு மாடு எங்கே? இலைகுழை எங்கே? ஏற்றி இறக்க உழவு இயந்திரம் எங்கே? இந்தக் கணக்கு கமநல சேவை நிலையத்து உத்தியோகத்தருக்குத் தெரியும். வட்டவிதானைக்குத் தெரியும். விவசாயப் பேராசிரியர்களும் ஆராய்ச்சியாளர்களும் வெளிப்படையாக எச்சரித்தார்கள். கேட்டார்களா? நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போகப் பயிர் ஏற்கெனவே வயலில் மஞ்சளித்து நின்றது. விளைச்சல் வீழ்ந்தது. அரிசி இறக்குமதி செய்தோம். வரிசையில் நின்றோம்.

எப்பாவலத் தீர்ப்பு ஆராய்ச்சியைக் கேட்டது, ஊர் பிழைத்தது. 2021 வர்த்தமானி ஆராய்ச்சியைக் கேட்கவில்லை, வயல் வாடியது. இதைவிடத் தெளிவான பாடம் வேண்டுமா?

ஆராய்ச்சியாளர் மட்டும் எல்லாம் அறிந்தவரா? அதுவும் இல்லை. அவரும் வயலுக்கு வந்து கேட்க வேண்டும். அப்படிக் கேட்ட கதை நம் கிழக்கு மாகாணத்திலேயே நடந்தது. கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை. வாய்க்கால்கள் தூர்ந்து, தலைப்பகுதியில் நீர் வீணாகி, கடைப்பகுதியில் வயல் காய்ந்து கிடந்தது. 1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னல் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு முயற்சியைத் தொடங்கின. அதில் முன்னின்றவர்களில் ஒருவர் பேராசிரியர் நோர்மன் அப்ஹொவ். இளைஞர்களைப் பயிற்றி ஊருக்குள் அனுப்பினார்கள். போய்ப் பேசுங்கள், கேளுங்கள், அவர்களோடு இருங்கள் என்றார்கள். சட்டப் புத்தகத்தோடு போகவில்லை, கட்டளையோடு போகவில்லை.

என்ன நடந்தது? நீர்த்தேக்கம் கால்வாசி அளவே நிரம்பியிருந்த ஒரு வறட்சிக் காலம் அது. விவசாயிகள் தாமே கூடி வாய்க்கால் துப்புரவு செய்தார்கள். முறை வைத்து நீரைப் பகிர்ந்தார்கள். தலைப்பகுதியில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். கடைப்பகுதியில் தமிழ் விவசாயிகள். நாடு இனப்பகையில் எரியத் தொடங்கிய காலத்தில், மேல்வாய்க்கால் விவசாயி தன் கதவை மூடி, கீழ்வாய்க்கால் விவசாயிக்கு நீர் விட்டார். பொதுவளத்தை மக்கள் தாமே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டி 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றாரே எலினோர் ஒஸ்ட்ரம், அவர் 1990இல் எழுதிய நூலில் இந்தக் கல்லோயாக் கதையும் இடம் பெற்றிருக்கிறது. வயலோரத்தில் பேசி முடித்த விதி, உலகப் பல்கலைக்கழகங்களின் பாடமாகிவிட்டது. சட்டம் என்பது பாராளுமன்றத்தில் மட்டும்தான் பிறக்குமா? நம் வாய்க்கால் கரையிலும் பிறக்கும்.

தாய்மார்களே, இப்போது உங்களுக்கு மிக நெருக்கமான ஒன்றைச் சொல்கிறேன். கந்தளாயிலும் அல்லையிலும் குடியேற்றத் திட்டங்களில் அரசு கொடுத்த காணிகளுக்கு அடிப்படை, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரக்காரர் யாரையும் பெயர் குறிக்காமல் இறந்தால் காணி யாருக்கு என்று அதில் ஒரு வரிசை இருந்தது. முதலில் மகன். பிறகுதான் மகள். பேரன் முன்னே, பேத்தி பின்னே. தந்தையோடு சேர்ந்து நாற்று நட்டவள் மகளாக இருக்கலாம். களை பிடுங்கியவள் அவளாக இருக்கலாம். சட்டத்தின் கண்ணில் அவள் பின்வரிசை.

இதை யார் வெளியே கொண்டுவந்தார்கள்? பெண் ஆய்வாளர்களும் பெண்கள் அமைப்புகளும் ஊர் ஊராகப் போய்க் கேட்டார்கள், எழுதினார்கள், பல்லாண்டு வாதாடினார்கள். 2022இல்தான் அந்த வரிசை திருத்தப்பட்டு, ஆண் பெண் வேறுபாடு நீங்கியது. எண்பது ஆண்டுக்கு மேல் நின்ற அநீதி அது. சட்ட ஆராய்ச்சி என்றால் தடித்த புத்தகத்தைப் புரட்டுவது மட்டும் அன்று. ஒரு விதவைத் தாயின் அடுப்படியில் உட்கார்ந்து, காணிப் பத்திரம் எங்கே அம்மா என்று கேட்பதும் சட்ட ஆராய்ச்சிதான்.

இப்போது நம் குடாவின் அக்கரைக்கு வருவோம். சம்பூர். 2006இல் போரினால் அந்த மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். அவர்கள் அகதி முகாம்களில் இருந்தபோதே அந்த மண்ணில் 500 மெகாவாற் நிலக்கரி அனல்மின் நிலையம் அமைக்க ஒப்பந்தம் வந்தது. இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனமும் சேர்ந்த திட்டம். மின்சாரம் வேண்டாமா? வேண்டும். மறுக்கவில்லை. ஆனால் நிலக்கரி நிலையம் கடல்நீரை உறிஞ்சி, சூடான நீரைத் திரும்பக் கடலில் விடும். அந்தச் சூட்டில் மீன்குஞ்சு என்னாகும்? சாம்பல் எங்கே போகும்? காற்றில் பறக்கும் தூசு யார் கிணற்றில் விழும்? வயலும் மேய்ச்சல் நிலமும் யாருக்கு?

ஊர் மக்கள் கேட்டார்கள். விஞ்ஞானிகள் சுற்றாடல் அறிக்கையைப் பிரித்து ஆராய்ந்தார்கள். சுற்றாடல் அமைப்பு ஒன்று உயர் நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தது. 2016 செப்ரெம்பரில், சம்பூரில் அந்த நிலக்கரி நிலையம் அமைக்கப்படாது என்று அரசு சார்பில் சட்டமா அதிபர் நீதிமன்றத்துக்கு அறிவித்தார். இன்று அதே சம்பூரில் சூரிய மின்சாரத் திட்டம் வருகிறது; 2025 ஏப்ரலில் தொடக்க விழா நடந்தது. வெயிலிலிருந்து வரும் மின்சாரம் நல்லது. வரவேற்போம். வரவேற்கும்போதே கேட்போம். காணி எவ்வளவு? மழைநீர் எப்பக்கம் வடியும்? வேலை யாருக்கு? கேள்வி கேட்பது எதிர்ப்பாகாது. கேள்வி கேட்பதுதான் குடிமகனின் பங்கு.

சரி, இனி நாம் என்ன செய்ய வேண்டும்? மூன்று வேலைகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதல் வேலை, அளந்து எழுதி வையுங்கள். திமிங்கிலத்தைக் கண்டவர் நாம், எழுதியவர் வேறொருவர் என்றேன். அந்த நிலை மாற வேண்டும். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றின் சூடு மற்றதற்கு இல்லை. நம் தீவில் எரிமலை கிடையாது. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தில் சூடேறி மேலே வருகிறது. மாரியில் அந்தச் சூடு எவ்வளவு, கோடையில் எவ்வளவு? பாடசாலை மாணவர்கள் ஒரு வெப்பமானியைக் கொண்டுபோய் மாதம் ஒருமுறை அளந்து எழுதலாமே! அதே கன்னியா மண்ணின் உரிமை பற்றி 2019இல் திருகோணமலை மேல் நீதிமன்றம்வரை வழக்குப் போனது. நிலத்தடி நீரும், வழிபாடும், தொல்லியலும், சட்டமும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. எழுத்தில் இருக்கும் சான்றுதான் நாளை நமக்குத் துணை. கச்சான் காற்று எப்போது தொடங்கியது, எந்த மாதத்தில் எந்த மீன் பட்டது, எந்தக் கிணறு உவர்த்தது, எந்த நெல்லுக்கு எந்த நோய் வந்தது. ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். பத்து ஆண்டு தொடர்ந்தால் அதுவே ஆராய்ச்சி.

இரண்டாவது வேலை, கேட்டு வாங்குங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. நம் வரிப்பணத்தில் செய்த மண் பரிசோதனை, நீர்ப் பரிசோதனை, குளக்கட்டு ஆய்வு ஆகியவற்றைத் திணைக்களத்திடம் எழுதிக் கேட்கலாம். பெரிய திட்டம் ஒன்றுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தால், அதைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்து எழுதச் சட்டம் காலம் ஒதுக்கியிருக்கிறது. அந்தக் காலம் முடிந்த பிறகு கூடிப் புலம்பிப் பயனில்லை. அறிவித்தல் வந்த வாரமே ஆசிரியரும் வழக்கறிஞரும் விவசாயிகள் சங்கமும் மீனவர் சங்கமும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.

மூன்றாவது வேலை, நம் மொழியில் சொல்லுங்கள். இது பல்கலைக்கழகத்தாருக்கு என் வேண்டுகோள். வந்தாறுமூலையில் 1981இல் தொடங்கிய கல்லூரி வளர்ந்து கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. கோணேசபுரியில் அதன் திருகோணமலை வளாகம் இருக்கிறது. நம் பிள்ளைகள் அங்கே விஞ்ஞானம் படிக்கிறார்கள், சித்த மருத்துவம் படிக்கிறார்கள். சட்டம் படிக்கக் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகிறார்கள். அவர்கள் எழுதும் ஆய்வுகள் ஆங்கிலத்தில் அச்சாகட்டும், உலகம் படிக்கட்டும். அதோடு நின்றுவிட வேண்டாம். எந்த வயலில் மண்ணெடுத்தார்களோ அந்த வயலுக்குரியவரிடம் இரண்டு பக்கத் தமிழில் முடிவைக் கொண்டுபோய்க் கொடுங்கள். சிங்கள ஊரில் எடுத்திருந்தால் சிங்களத்தில் கொடுங்கள். மண்ணைக் கொடுத்தவருக்கு முடிவைச் சொல்லாத ஆராய்ச்சி, கடனைத் திருப்பாத ஆராய்ச்சி.

மாணவர்களே, உங்களில் ஒருவர் நாளை புவிச்சரிதவியலாளர் ஆகலாம். ஒருவர் விவசாய விஞ்ஞானி ஆகலாம். ஒருவர் நீதியரசர் ஆகலாம். மூவரும் ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இன்று இருக்கிறீர்கள். நாளை துறை பிரியும்போது இந்த நட்பைப் பிரிக்காதீர்கள். சட்டம் படித்தவர் கணக்குத் தெரியவில்லை என்று ஒதுங்க வேண்டாம். கணக்குத் தெரிந்தவரை அழையுங்கள். விஞ்ஞானம் படித்தவர் வழக்கு எனக்கு எதற்கு என்று ஒதுங்க வேண்டாம். உங்கள் அறிக்கை ஓர் ஊரைக் காக்கும். வயலில் நிற்பவர் நான் படிக்காதவன் என்று ஒதுங்கவே வேண்டாம். எப்பாவலவில் நாட்டின் சட்டத்தை வளர்த்தவர்கள் வயல்காரர்கள். கல்லோயாவில் உலகத்துக்குப் பாடம் சொன்னவர்கள் வாய்க்கால்காரர்கள்.

இந்தக் குடாவைப் பலர் அளந்திருக்கிறார்கள். கப்பல் கட்ட அளந்தார்கள், போருக்கு அளந்தார்கள், எண்ணெய்க்கு அளந்தார்கள். இனி இங்கே வாழ்கிறவர்கள், இங்கே வாழ்வதற்காக அளக்கட்டும். அதற்கு ஒரு கட்டடமோ பெரும் நிதியோ வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த அவையில் உழவர் இருக்கிறார், கடற்றொழிலாளர் இருக்கிறார், ஆசிரியர் இருக்கிறார், வழக்கறிஞரும் இருக்கிறார். கூட்டம் முடிந்து கலையுமுன், உங்கள் ஊரைப் பற்றிய ஒரு கேள்வியை ஆளுக்கொன்றாக எழுதி அவைத்தலைவரிடம் கொடுங்கள். அந்தக் கேள்விகளில் ஒன்றைத் தேர்ந்து, அடுத்த போகத்துக்குள் விடை தேடத் தொடங்குவோம். வேலை இன்றைக்கே தொடங்கட்டும்!